கத்தியுறையும் கைத்துப்பாக்கி உறையும்: தோலின் தேர்வும் செய்முறையும்

கொல்கத்தா நகரின் கிழக்குப் புறத்தில் உள்ள டாங்ரா, தில்ஜலா, தொப்சியா ஆகிய பகுதிகள் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சீனத்திலிருந்து வந்து குடியேறிய ஹக்கா மக்களும், பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே இத்தொழிலை வளர்த்தனர். கழிவுநீரால் நேர்ந்த கேட்டைக் கருதி இத்தொழிற்கூடங்களை இடமாற்றம் செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் ஆணையிட்டது. அதன்பின் அவை நகருக்கு வெளியே பன்தலாவில் அமைக்கப்பட்ட தோல் தொழில் வளாகத்திற்குப் படிப்படியாகச் சென்றன. தொழிற்சாலைகளில் அணியப்படும் கையுறைகளும், கைப்பைகளும் இந்நகரத்தின் முக்கியமான தோற்பொருள்கள். அவற்றை வெட்டியபின் எஞ்சும் துண்டுகள் மலிவான விலைக்குக் கிடைக்கின்றன. கைத்தொழில் வகுப்பு நடத்தும் ஆசிரியரும், கிராமத் தொழிற்பணியாளரும் இத்தகைய துண்டுகளை வாங்கிக் கத்தியுறை தைக்க முற்படுவது இயல்பே. பிழை தொடங்கும் இடமும் அதுவே.

ஏனெனில் அத்துண்டுகளில் பெரும்பாலானவை குரோமிய உப்பினால் பதனிடப்பட்டவை. குரோமியப் பதனீடு ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும். தோல் மென்மையாகவும், நீரையும் வெப்பத்தையும் தாங்குவதாகவும் இருக்கும். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884இல் இம்முறைக்கு உரிமம் பெற்றார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை, அங்கே நிறுவப்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையினாலேயே அப்பெயர் பெற்றது என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். காலணிக்கும் கையுறைக்கும் இத்தோல் சிறந்தது. ஆயினும் கத்தியுறைக்கு இது தகாது. காரணம் இரண்டு. பதனிடும்போது தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கின்றனர். நன்கு கழுவிய பின்னரும் இவ்வுப்புக்களில் சிறிதளவு நாரிடையே தங்கிவிடுகின்றது. கொல்கத்தாவின் மழைக்காலக் காற்றிலுள்ள ஈரத்தை அவ்வுப்பு ஈர்த்து எஃகின்மேல் துருவை உண்டாக்குகின்றது. இரண்டாவது, குரோமியத் தோல் நனைத்து உருவமைப்பதற்கு இணங்காது. எவ்வடிவில் அழுத்தினாலும் காய்ந்தபின் தளர்ந்து பழைய நிலைக்கே திரும்பும். தளர்ந்த உறையினின்று கத்தி நழுவும். இடுப்பில் கத்தியுடன் மரம் ஏறுபவனுக்கு அது எத்தகைய தீங்கு செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

உறைக்கு ஏற்றது தாவரத் துவர்ப்பொருளால் பதனிடப்பட்ட தோல். வங்காளத்தில் கருவேலம் பட்டையும், சுந்தரவனத்தில் வளரும் கோரான் என்னும் கண்டல் மரத்தின் பட்டையும் முற்காலத்தில் இதற்குப் பயன்பட்டன. கோரான் பட்டைச் சாற்றில் மீனவர் தம் வலைகளையும் தோய்த்தனர். தமிழ்நாட்டிலோ ஆவாரம் பட்டையே தொன்றுதொட்டு வழங்கிவந்தது. பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அதன் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. இறுதியில் கடுக்காய்ச் சாறு ஊட்டப்படும். திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களில் இவ்வாறு பதனிடப்பட்ட தோல், ‘ஈ.ஐ. தோல்’ என்னும் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தாவரப் பதனீட்டிற்கு வாரக்கணக்கில் நாள் செல்லும். விலை மிகுவதற்கு அதுவே காரணம்.

கைக்குக் கிடைத்த துண்டு எவ்வகையினது என்று அறியச் சில எளிய சோதனைகள் உண்டு. வகுப்பில் மாணவரைக் கொண்டே இவற்றைச் செய்விக்கலாம். வெட்டுவாயைப் பார்த்தால் தாவரத் தோல் உள்வரை பழுப்பாகத் தோன்றும். சாயம் ஏறாத குரோமியத் தோலின் நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாயிருக்கும். சிறு கீற்றொன்றைக் கொதிநீரில் இட்டால் தாவரத் தோல் உடனே சுருங்கிச் சுருண்டு விறைத்துவிடும். குரோமியத் தோல் பெரும்பாலும் மாறாது. எரித்துப் பார்த்தால் குரோமியத் தோலின் சாம்பல் பசுமையாயிருக்கும். இவற்றிற்கெல்லாம் மேலானது இரும்புச் சோதனை. துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் ஒரு நாள் ஊறவைத்து, அந்நீரில் ஒரு துளியைத் தோலின்மேல் இடவேண்டும். தாவரத் தோலாயின் அவ்விடம் கறுக்கும். துவர்ப்பொருளும் இரும்பும் கூடிக் கரிய சேர்மம் ஆவதே இதன் காரணம்; கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு நம் முன்னோர் எழுத்து மை காய்ச்சியதும் இவ்வினையினாலேயே.

இச்சோதனை ஓர் எச்சரிக்கையும் ஆகும். ஈரமான தாவரத் தோலை எஃகின்மேல் நேராகப் பொருத்தினால் தோலும் கறுக்கும், எஃகும் கறைபடும். ஆகவே உருவமைக்கும்போது கத்தியை எண்ணெய் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் நன்கு சுற்றிக்கொள்ள வேண்டும்.

இனிச் செய்முறை. நடுத்தரக் கத்திக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோல் வேண்டும். முதுகுப் பகுதியின் நார்கள் நெருக்கமானவை. வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும் தன்மையது, அதை விலக்குக. சாந்திநிகேதனத்தின் சித்திரத் தோற்பைகளுக்கு வழங்கும் ஆட்டுத்தோல் அச்சுக்கும் சாயத்திற்கும் அழகாக இடங்கொடுப்பினும், கூரிய அலகைத் தனியே தாங்கவல்லதன்று.

கத்தியைத் தடித்த காகிதத்தின்மேல் வைத்துக் கோடிட்டு, தையலுக்கும் அலகின் கனத்திற்கும் இடம்விட்டு மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும். தோலை மடித்து ஓரத்தைத் தைப்பதற்கு முன், இரு மடிப்புக்கும் நடுவே அதே தோலில் வெட்டிய ஒரு கீற்றைச் செருகுதல் இன்றியமையாதது. இதை இடைப்பட்டை எனலாம். கத்தியின் வாய், தையல் நூலைத் தொடாமல் இப்பட்டையின்மேல் படியும். இடைப்பட்டையில்லாத உறையில் ஒவ்வொரு முறை கத்தியைச் செருகும்போதும் நூல் சிறிது சிறிதாக அறுந்து, ஒருநாள் அலகு தையலைப் பிளந்துகொண்டு வெளிப்படும். புதிய உறையில் இக்குறை வெளியே தெரிவதில்லை. அதுவே இதன் கொடுமை. கடைகளில் விற்கும் மலிவான உறைகளை வாங்குமுன் இதைப் பிரித்துப் பார்த்தல் நன்று.

டார்ஜிலிங் மலைப்பகுதியில் வழங்கும் குக்ரியின் உறை இச்சிக்கலை வேறு வகையில் தீர்க்கின்றது. வளைந்த அலகின் வடிவிற்கேற்ப இரு மரத்துண்டுகளைக் குடைந்து பொருத்தி, மேலே தோலால் மூடுகின்றனர். வெட்டுவாயைத் தாங்குவது மரம். தோல் அம்மரத்தைப் பிணைத்து நிற்கின்றது. எனினும் குக்ரியை உருவும்போது வெட்டுவாய்ப் பக்கமாக விரல்களை வளைத்து உறையைப் பிடிக்கலாகாது என்பது அங்கே சிறுவருக்கும் கற்பிக்கப்படும் விதி. மரம் விரிசல் கண்டிருந்தால் அலகு கையை அறுத்துவிடும்.

தைப்பதற்கு லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துவர். நூலின் நீளம் தையலின் நீளத்தைப்போல் 5 மடங்கு இருத்தல் வேண்டும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே சிறு பள்ளம் கீறிக்கொண்டால் நூல் அதனுள் அமிழ்ந்து தேயாமல் இருக்கும். குத்தூசியால் துளையிட்டு, நூலின் இரு முனைகளிலும் கோத்த இரண்டு ஊசிகளையும் ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தி இழுப்பதே சேணத் தையல். தையற்பொறியின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றி நிற்கின்றன; ஓரிடத்தில் அறுந்தால் அயலிலுள்ளவையும் தளரும். சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றொன்று அதே துளைகளின் வழியே சென்று பிடித்துக்கொண்டிருக்கும். கைத்தொழிலாளி பொறிக்குத் தோற்காத இடங்களுள் இது ஒன்று.

தைத்து முடித்த உறையை வெதுவெதுப்பான நீரில் குமிழிகள் அடங்கும்வரை அமிழ்த்தி எடுத்து, துணியில் சுற்றிச் சில மணிநேரம் வைத்தால் ஈரம் சீராகப் பரவும். பின்னர்ச் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, மழுங்கிய எலும்புக் கருவியால் பிடியின் விளிம்புகளை ஒட்டி அழுத்த வேண்டும். நீரில் நெகிழ்ந்த நார்கள், காயும்போது புதிய நிலையிலேயே ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. உறை கத்தியைப் பிடித்து நிற்பது இதனாலேயே. நிழலில் உலர்த்துக. அடுப்பருகே வைத்து விரைவுபடுத்தினால், கொதிநீர்ச் சோதனையில் கண்ட சுருக்கமே உறைக்கும் நேரும். நனைந்த தாவரத் தோல் 70 முதல் 80 பாகை செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

கைத்துப்பாக்கி உறையில் இவற்றோடு வேறு கவலைகளும் சேர்கின்றன. விசைக்காப்பு வளையம் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். விரலோ, ஆடையின் மடிப்போ விசையை எட்டும்படியான உறை எவ்வளவு அழகாயிருப்பினும் கழிக்கத்தக்கது. உறையின் வாய் தளர்ந்து உட்சரிந்தால், துப்பாக்கியைத் திருப்பி வைக்கும்போது அம்மடிப்பே விசையை அழுத்தக்கூடும். ஆதலின் வாய்ப்புறத்தில் மற்றுமொரு தோல் அடுக்கை ஒட்டித் தைப்பர். மேலே ஒரு வார்ப்பட்டையும் வேண்டும். உருவமைப்பதற்கு மெய்யான துப்பாக்கியைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் தேவை. மரத்தாலோ அலுமினியத்தாலோ செய்த மாதிரியே போதுமானது. ஈரத்தால் துருவேறாத நன்மையும் அதற்கு உண்டு.

பித்தளை, செம்பு ஆணிகளைப் பற்றி ஒரு சொல். எண்ணெய் மிகுந்த தோலில் கொழுப்பமிலம் செம்புடன் கூடிப் பசிய களிம்பை உண்டாக்கும். இக்களிம்பு தையல் நூலையும் அழிக்கும். எனவே எண்ணெயை மெல்லிய பூச்சாக ஒரிரு முறை மட்டுமே இடவேண்டும். மிகுதியாக இட்டால் உருவமைப்பும் தளர்ந்துவிடும்.

இத்துறையில் ஆராய்ச்சியும் பயிற்சியும் கொல்கத்தாவிற்குப் புதியன அல்ல. 1919இல் அங்கு ஆராய்ச்சிக்கென ஒரு தோல் பதனிடு சாலை தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் வங்காளத் தோல் பதனிடு நிலையமாகி, இன்று அரசினர் பொறியியல் மற்றும் தோல் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. அதை நடத்திய பி.எம். தாஸ் அவர்களே, 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனார். அந்நிலையத்தின் வட்டார மையம் ஒன்று கொல்கத்தாவில் உண்டு.

முடிவாக, பராமரிப்பு. சூன் முதல் செப்டம்பர் வரை கொல்கத்தாவில் தோலின்மேல் பூசணம் படர்வது இயல்பு. உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்தால் போதும். வெயிலில் காயவைத்தல் கூடாது. கத்தியை நெடுநாள் உறையிலிட்டு வைத்தலும் கூடாது. தாவரத் தோலும் ஈரத்தை ஏற்பதே. அதன் துவர்ப்பொருள் எஃகைக் கறைப்படுத்தவல்லது. வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து எண்ணெயிட்டுத் தனியே வைத்து, உறையை வாய் திறந்தபடி தொங்கவிடுதல் வேண்டும்.