கருத்த முகமும் ஒரு பை நிறைய வாசனையும்

எங்கள் வீட்டில் கழுத்துக்குப் பவுடர் போடாமல் யாரும் வாசல்படி தாண்டியதில்லை. மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் பத்துக்குப் பத்து கோலி, ஒரே அறை. காலையில் பிள்ளைகள் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, கழுத்திலும் கக்கத்திலும் பவுடரைக் கொட்டித் தேய்த்துத்தான் அம்மா பள்ளிக்கு அனுப்புவாள். வெளியே சாக்கடை, தோல் கிடங்கு, கழிவறை வரிசை. அதற்கு நடுவே எங்கள் மேல் வீசிய அந்த மணம்தான், இந்த வீட்டுப் பிள்ளைகள் சுத்தமானவர்கள் என்று ஊருக்குச் சொன்னது. ‘வாசனையை விட்டுவிடுங்கள்’ என்று ஒரு டாக்டர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் இதுதான்.

முதலில் நெற்றி கருத்தது. பிறகு இரண்டு காதோரமும், கழுத்தும். சிவக்கவில்லை, கொப்புளம் இல்லை. எப்போதாவது அரிக்கும். சாம்பலைக் குழைத்துப் பூசியது போன்ற ஒரு கறுப்பு. கல்யாணமாகி செம்பூருக்கு வந்து பல வருடம் கழித்து இது. அம்மா பார்த்ததும், “ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படிக் கருத்துக் கெடக்கு? வெயில்ல அலையாதன்னா கேக்கியா?” என்றாள். நானும் வெயில்தான் என்று நம்பினேன். நிறம் கூட்டும் க்ரீம் வாங்கினேன். கறுப்பை மறைக்கப் பவுடரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டேன். கறுப்பு கூடியது.

அடுத்து மெடிக்கலில் ஒரு ட்யூப். பத்தே நாளில் முகம் பளிச்சென்றானது. நிறுத்திய வாரமே எரிச்சலும் பருவும். அது ஸ்டீராய்டு களிம்பு. மருத்துவர் சீட்டு இல்லாமல் அத்தகைய களிம்புகளை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. எனக்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை. முகத்துக்கு என்று சொல்லி மெடிக்கலில் எதையும் வாங்காதீர்கள். இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

கடைசியில் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த டாக்டரம்மா என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் உடம்பில் படுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொன்னார். நாலைந்து இருக்கும் என்று நினைத்தேன். மேசையில் கொட்டியபோது பதினான்கு! சோப்பு, ஃபேஸ்வாஷ், பவுடர், மல்லிகை மணக்கும் தலை எண்ணெய், ஷாம்பு சாஷே, தாழம்பூ குங்குமம், மணக்கும் விபூதி, துணி அலசுகிற திரவம்... லேபிள் இருந்தவற்றில் அவர் விரல் ஒரே சொல்லின் மேல்தான் போய் நின்றது: ‘பர்ஃப்யூம்’. சிலவற்றில் ‘ஃபிராக்ரன்ஸ்’. குங்குமத்துக்கும் விபூதிக்கும் லேபிளே இல்லை.

அந்த ஒரு சொல்லுக்குள் பத்து வேதிப்பொருள் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். மல்லிகை மணம் என்று நாம் முகர்வது பெரும்பாலும் பென்சைல் அசிடேட், அமைல் சின்னமால், ஹெக்சைல் சின்னமால் போன்றவற்றின் கூட்டு. ரோஜாவுக்கு ஜெரானியால், சிட்ரோனெல்லால். ஆகவே மூக்குக்கு வேறு வேறாகத் தெரியும் நாலு பொருளிலும் தோல் ஒரே ஆளைச் சந்தித்துக்கொண்டிருக்கலாம். சோப்பை மாற்றிப் பார்த்தேன், க்ரீமை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று நான் புலம்பியதன் காரணம் அங்கேதான் பிடிபட்டது. ஐரோப்பாவில், அலர்ஜி தரும் 26 வாசனைப் பொருட்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்த்தால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று 2005 முதலே விதி. 2023-ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக நீட்டிவிட்டார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல்தான்.

சந்தேகத்தை உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட். “இந்த வேர்வையில் ஒட்டாது, டிசம்பரில் வாருங்கள்” என்றார். வந்தேன். திங்கள்கிழமை முதுகில் சட்டைப் பொத்தான் அளவு அலுமினியக் கிண்ணங்களை வரிசையாக ஒட்டி, பக்கத்தில் பேனாவால் எண் போட்டார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது. புதன்கிழமை பிரித்தபோது ஓரிடத்தில் மங்கலாக ஏதோ. வெள்ளிக்கிழமை அதே இடம் தடித்து, கடுகு போல் நீர்க்கொப்புளங்களோடு எழும்பி நின்றது. செவிலியம்மா கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார். சுற்றிலும் ஒன்றுமில்லாத முதுகில் அந்த ஒரே வட்டம். ‘ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ்’ வைத்த இடம்: கிராம்பு மணமுள்ள யூஜெனால், ஜெரானியால், அமைல் சின்னமால் என்று எட்டுப் பொருள் கலந்த கலவை. இந்த அலர்ஜி பூசிய உடனே வராது; ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் இன்றைய அரிப்புக்கு நாம் இன்றைய சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சிவக்காமல் ஏன் கருத்தது என்று கேட்டேன். மாநிறத் தோலில் உள்ளே மெல்ல நடக்கும் அழற்சி நிறமியைக் கீழடுக்கில் கொட்டிவிடும், மேலே கறுப்பு மட்டுமே தெரியும் என்றார். 1970-களில் ஜப்பானியப் பெண்கள் பலருக்கு இப்படி முகம் கருத்திருக்கிறது. வாசனைப் பொருட்களும் சாயங்களும்தான் காரணம் என்று கண்டுபிடித்து, 1977 வாக்கில் பெரிய கம்பெனிகள் அவற்றை விலக்கத் தொடங்கியதும் நோய் வெகுவாகக் குறைந்தது. நம் வீடுகளில் பெண்பிள்ளை முகம் கருத்தால் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், நோயைப் பற்றிப் பேசுவதில்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது.

இயற்கைப் பொருளுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று மாட்டுங்காவில் நலங்கு மாவு வாங்கி வந்தேன். பூலாங்கிழங்கு, ஆரஞ்சுத் தோல், ரோஜா இதழ். மூன்றாம் நாள் கழுத்து எரிந்தது. ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், ரோஜாவில் ஜெரானியால். செடியில் விளைந்தாலும் ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். தோல் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. இப்போது வெறும் பாசிப்பயறு மாவு, வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய். அவ்வளவே. லிமோனீனும் லினலூலும் காற்றுப் பட்டுப் பட்டு இன்னும் கடுமையான பொருளாக மாறும் என்பதால், பாதி தீர்ந்து வருடக்கணக்கில் கிடந்த சென்ட், லோஷன் பாட்டில்களையும் தூக்கிப் போட்டேன்.

‘அன்சென்டட்’ என்பதை நம்பி ஏமாறாதீர்கள். மூலப்பொருளின் வாடையை அமுக்க அதிலும் வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று தேடுங்கள். அதன் பிறகும் பின்பக்கத்தைப் படியுங்கள். புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு.

எல்லாம் விட்டும் இடது கன்னம் மட்டும் தெளியவில்லை. இரண்டு மாதம் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது, நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவள். வீட்டுக்காரரின் தலை எண்ணெய் தலையணை உறையில். அந்த உறையை அலசியது மணக்கும் திரவத்தில். உறையைத் தனியாகத் துவைக்க ஆரம்பித்தேன், அவரும் எண்ணெயை மாற்றினார். கன்னம் வழிக்கு வந்தது. ஆனால் விழுந்த நிறமி உடனே போகாது. நெற்றி பழையபடி ஆக ஒன்றரை வருடம் ஆனது.

ஒன்று சொல்ல வேண்டும்: எல்லாக் கறுப்பும் வாசனையால் வருவதல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிடரி வெல்வெட் துணி போலத் தடித்துக் கருத்திருந்தது. என் பையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் அனுப்பினேன். அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். நாமே பெயர் வைத்துவிடக் கூடாது.

போன மாதம் செட்டா நகர் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு அம்மா வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “இது வாசனை போடாத துன்னூறுட்டி. கடைக்காரன்கிட்ட நாலு தடவை கேட்டுட்டேன். எங் கையில ஒரு வாரம் தேச்சும் பாத்துட்டேன், ஒண்ணும் பண்ணல.” சுருக்கம் விழுந்த முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். அவள் தோலில் பார்த்தால் என் தோலுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் பொட்டலத்தை வாங்கி, அவள் எதிரிலேயே என் முழங்கை மடிப்பில் ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.