சுந்தரரின் இல்லறமும் ஒரு சத்தியமும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நம் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் திருச்சுழி இருக்கிறது. அங்குள்ள கரிசல் காட்டையும் காய்ந்த ஆற்று மணலையும் பார்ப்பவர்களுக்கு, தேவாரம் பாடிய சுந்தரர் அவ்வூருக்கு வந்தார் என்பது வியப்பாக இருக்கும். சேரமான் பெருமாளுடன் பாண்டிய நாட்டிற்கு யாத்திரை வந்தபோது அவர் அங்கே பதிகம் பாடினார். ஏழாம் திருமுறையில் அது 82ஆம் பதிகம். ‘திருச்சுழியல்’ என்பது ஊரின் பழம்பெயர். நம் பக்கத்து ஊரைப் பாடிய அப்புலவரின் மணவாழ்க்கையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியவாறு இங்கே காண்போம்.

நின்றுபோன திருமணம்

சுந்தரர் திருநாவலூரில் சடையனார், இசைஞானியார் என்பவர்களின் மகனாகப் பிறந்தார். நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசர் அவரை வளர்த்தார். புத்தூர்ச் சடங்கவியாரின் மகளை மணம் பேசினர். மணப்பந்தலுக்கு ஒரு முதியவர் ஓலையோடு வந்து, “இவன் எனக்கு அடிமை” என்று வழக்காடினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போயிற்று. முதியவராக வந்தவர் இறைவனே என்பது பின்னர் தெரிந்தது. மணம் நின்றது, சுந்தரர் பாடகரானார். மணக்கோலத்தில் காத்திருந்த அப்பெண் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் என்று நூல் கூறுகிறது.

பரவையார்

திருவாரூர்க் கோயிலில் சுந்தரர் பரவையாரைக் கண்டார். இருவரும் ஒருவரையொருவர் விரும்பி மணந்தனர். அடியார்க்கு வாரி வழங்குவது பரவையாரின் இயல்பு. அதற்காகவே சுந்தரர் ஊர் ஊராகச் சென்று நெல்லும் பொன்னும் வேண்டிப் பாடினார். முதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட 12,000 பொன்னை ஆரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. கோட்புலி நாயனார் தம் பெண்கள் சிங்கடியையும் வனப்பகையையும் பணிப்பெண்களாகக் கொடுத்தபோது, சுந்தரர் அவர்களைத் தம் மக்களாக ஏற்றார். பாடல்களில் தம்மைச் சிங்கடியின் அப்பன் என்றே சொல்லிக்கொண்டார்.

சங்கிலியார்

திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூமாலை தொடுத்துவந்தவர் சங்கிலியார். அவரை மணக்க விரும்பிய சுந்தரர் இறைவனையே தூதாகக் கொண்டார். கனவில் வந்த இறைவனிடம் சங்கிலியார், “அவர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்பவராயிற்றே?” என்று கேட்டாராம். “உன்னைப் பிரியேன் எனச் சத்தியம் செய்து தருவான்” என்றார் இறைவன்.

சத்தியத்தை எளிதாக்கிக்கொள்ளச் சுந்தரர் ஒரு வழி தேடினார். தாம் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று வேண்டினார். இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு அறிவித்துவிட்டார்! சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்து மணந்தார். வசந்தம் வந்ததும் ஆரூர் நினைவு வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் பார்வை இழந்தன.

மூடிய கதவு

காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பார்வை பெற்றன. ஆயினும் செய்தி அறிந்த பரவையார் அவரை வீட்டிற்குள் விடவில்லை. இறைவனே நள்ளிரவில் இருமுறை தூது நடந்த பிறகுதான் ஊடல் தீர்ந்தது.

முடிவுரை

தோழியரே! சுந்தரர் பெரும் புலவர். பரவை, சங்கிலி இருவர் பெயரையும் தம் பாட்டில் வைத்தவர். ஆனால் அவர் கண்ணை இழந்தது காதலித்ததற்காக அன்று; சொன்ன சொல்லைத் தவறியதற்காக. நாயன்மார் என்பதால் சேக்கிழார் அதை மறைக்கவும் இல்லை.

பெண்கள் வாய்மூடி இருந்த காலம் அது என்கிறார்கள். ஆனால் ஒருத்தி மணத்திற்கு முன் கேள்வி கேட்டாள். ஒருத்தி மணத்திற்குப் பின் கதவை மூடினாள். இருவருக்கும் இறைவனே பதில் சொல்ல வந்தார். நம் வீடுகளிலும் நாளை நமக்கு மணம் பேசுவார்கள். தலைகுனிந்து கேட்டுக்கொள்வது மட்டுமே அடக்கம் என்று எண்ண வேண்டாம். கேட்க வேண்டியதை மரியாதையோடு கேட்பதும் அடக்கமே.

பரவையார் கணவரைத் திரும்பப் பெற்றார். ஒற்றியூரில் நின்ற சங்கிலியாரை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. இன்றும் மாசி விழாவில் அங்கே ‘மகிழடி சேவை’ நடைபெறுகிறது. ஊர் நினைவில் வைத்திருப்பது அவர் கேட்டுப் பெற்ற சத்தியத்தையே.