கடைப் பொருள் இல்லாத ஈஸ்டர்

கேள்வி: ஈஸ்டருக்கு வீட்டையும் சாப்பாட்டு மேசையையும் நாங்களே அலங்கரித்தால் எடுபடுமா?
– வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு

பதில்: தாராளமாக எடுபடும். அழகுக்கு வேண்டியது நிறம். அது அடுக்களையிலேயே இருக்கிறது. இரண்டு கைப்பிடி வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து, ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். வெள்ளை முட்டையின் மேல் கொத்தமல்லி இலையை ஒட்டவைத்து, மெல்லிய துணியால் இறுகக் கட்டி அதில் வேகவையுங்கள். வினிகர் ஓட்டை லேசாக அரிப்பதால் சாயம் பிடிக்கும். செம்பழுப்பு ஓட்டில் இலையின் அச்சு வெளிறித் தெரியும். மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள் நிறம். மேசைக்கு, ரஸல் மார்க்கெட் சம்பங்கி போதும்; வெள்ளைதான் பாஸ்கா காலத் திருவழிபாட்டு நிறம்.

முட்டை மேலைநாட்டு இறக்குமதி என்பார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தை நினைவூட்டச் சிவப்பு முட்டை பகிர்வது கீழைத் திருச்சபைகளின் பழைய மரபு. ஏப்ரல் வெயிலில் கெடாதா என்றால், கெடும். அவித்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். காட்சிக்கு மட்டுமென்றால், பச்சை முட்டையின் இரு முனையிலும் துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதியெடுத்து, ஆறிய சாயத்தில் நனையுங்கள். வாசலுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டலாம். ஆனால் கோயிலில் மந்திரித்த ஓலையை எடுக்க வேண்டாம். அது அடுத்த சாம்பல் புதனுக்கு உரியது.