ஸ்டியரிங்கைத் தொடாதவர்களுக்கும் இங்கே வேலை உண்டு

2021 ஜூனில் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தய ஓட்டுநர்கள் சிகாகோ நகரத் தெருக்களில் பந்தயம் ஓட்டினார்கள். கிராண்ட் பார்க் ஓரமாக, உயரக் கட்டடங்களுக்கு நடுவே. அன்று சிகாகோவில் ஒரு தெருகூட அடைக்கப்படவில்லை. ஓட்டுநர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். டிராக், ஐரேசிங் என்ற சிமுலேட்டருக்குள் இருந்தது. அப்படி ஒரு பந்தயத் தடம் அப்போது பூமியில் எங்குமே இல்லை. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, டிவியில் காட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் நாஸ்கார் நிஜப் பந்தயத்துக்குத் துணிந்தது. 2023 ஜூலையில் நிஜக் கார்கள் அதே பூங்காவைச் சுற்றின. ஜெயித்தவர் நியூசிலாந்துக்காரர் ஷேன் வான் கிஸ்பெர்கன். நாஸ்கார் கப் தொடரில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம். சிமுலேட்டரில் ஓட்டுவதில் தீராத ஆர்வம் உள்ளவர்.

செய்தியெல்லாம் அவரைப் பற்றியே வந்தது. வேலை தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இல்லாத டிராக்கை வரைந்தது யார்? வளைவின் ஓரத்தில் வைத்த கெர்ப் என்ற மேடான விளிம்பின் உயரத்தை முடிவு செய்தது யார்? அன்றைய பந்தயத்துக்கு சர்வரைப் பார்த்துக்கொண்டது யார்? சம்பளம் அவர்களுக்கும் உண்டல்லவா!

சிம் ரேசிங், அதாவது சிமுலேட்டர் பந்தயம், என்றதும் நம் பிள்ளைகள் கனவு காண்பது ஓட்டுநர் இருக்கையைத்தான். அந்தக் கனவு பொய்யில்லை. நாஸ்கார் ஓட்டுநர் வில்லியம் பைரன் பதின்வயதில் ஐரேசிங்கில் பழகி, 2024லும் 2025லும் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். பிரிட்டனின் ஜேம்ஸ் பால்ட்வின் 2019ல் கேமர்களுக்கான ஒரு போட்டியில் ஜெயித்து, மறு ஆண்டே பிரிட்டிஷ் ஜிடி தொடரின் முதல் பந்தயத்தில் வெற்றி கண்டார். இந்தப் பட்டியலை நீட்டிப் பாருங்கள், சீக்கிரம் முடிந்துவிடும். டிராக்கை உருவாக்குவது, பந்தயத்தை நடத்துவது என்ற இரண்டு பக்கமும் அப்படியில்லை. ஒவ்வொரு புதிய டிராக்கும் ஒவ்வொரு புதிய போட்டியும் ஆள் கேட்கிறது.

முதலில் டிராக். நல்ல சிமுலேட்டரில் டிராக் என்பது கண்ணுக்கு அழகான படம் மட்டுமல்ல. லேசர் ஸ்கேனரை முக்காலியில் நிறுத்தி, பந்தயத் தடம் நெடுக இடம் மாற்றி மாற்றி அளக்கிறார்கள். கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளின் திரள். சாலையில் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எங்கே தார் அமுங்கியிருக்கிறது, கெர்ப் எத்தனை விரல் உயரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே ஆயிரக்கணக்கில் புகைப்படங்கள். இதை வைத்துக்கொண்டு 3டி கலைஞர்கள் மேற்பரப்பைக் கட்டுகிறார்கள்; இன்னொரு குழு டயரும் சாலையும் எப்படி உறவாட வேண்டும் என்று கணக்குப் போடுகிறது; சோதனை ஓட்டுநர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் ஐரேசிங்கில் மழை வந்ததும் வேலை இன்னும் நுணுக்கமானது. தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். மேற்பரப்பில் பள்ளம் தப்பாக இருந்தால் குட்டையும் தப்பான இடத்தில் நிற்கும்.

இந்த ஸ்கேனுக்கு இருக்கும் மதிப்பைக் காட்ட ஒரு கதை உண்டு. வட கரோலினாவில் நார்த் வில்க்ஸ்போரோ என்ற பழைய டிராக். 1996க்குப் பிறகு கப் பந்தயம் இல்லாமல் கிடந்து, புல்லும் செடியும் மண்டிப் போயிற்று. 2019 டிசம்பரில் முன்னாள் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் புதரைச் சுத்தம் செய்தார். நோக்கம் பந்தயம் நடத்துவதல்ல. இடிந்து போவதற்குள் ஸ்கேன் எடுத்துச் சிமுலேட்டரிலாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதே. 2020ல் அந்த டிராக் ஐரேசிங்கில் வந்தது. 2022ல் நிஜ டிராக்கிலும் பந்தயம் திரும்பியது. 2023ல் நாஸ்காரின் ஆல்ஸ்டார் பந்தயமே அங்கே நடந்தது. எல்லாம் ஸ்கேனால் ஆனது என்று சொன்னால் மிகை. ஆனால் ஊர் மறந்திருந்த இடத்தை மறுபடி பேச வைத்ததில் அந்தச் சில நாள் அளவை வேலைக்குப் பங்கு உண்டு.

இதில் நுழைய உங்களிடம் என்ன இருக்க வேண்டும்? சினிமா விஎஃப்எக்ஸ் நிறுவனத்தில் சூழல் வடிவமைப்பு செய்தவரா? பாதி தூரம் வந்துவிட்டீர்கள். சிவில் முடித்துவிட்டு சர்வேயில் டோட்டல் ஸ்டேஷன், லைடார் பிடித்தவரா? சொல்லப்போனால் உங்களுக்குத்தான் கிராக்கி அதிகம் இருக்க வேண்டும். புள்ளித் திரளைப் பார்த்து மிரளாத கலைஞர்கள் குறைவு. இரண்டும் இல்லையென்றால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் தொடங்குங்கள், அது இலவசம்.

பழகுவதற்கு அசெட்டோ கோர்சா எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014ல் வெளியிட்ட கேம். வயதானதுதான், ஆனால் சொந்தமாக டிராக் செய்து உள்ளே போட்டு ஓட்டிப் பார்க்க இன்னும் இதுவே வசதி. அதில் கண்ணுக்குத் தெரியும் சாலை ஒன்று, கார் உணரும் சாலை இன்னொன்று. இரண்டாவதுக்குப் பெயர் வைப்பதில் ஒழுங்கு உண்டு: எது சாலை, எது கெர்ப், எது புல் என்பது பெயரை வைத்துத்தான் கேமுக்குத் தெரியும். பெயர் பிசகினால் கார் தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதல் முறை பார்க்கும்போது சிரிப்பு வரும்.

எந்த டிராக்கைச் செய்வது? மொனாக்கோவும் ஸ்பாவும் வேண்டாம். ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள், ஒப்பிட்டு உங்களை ஓரம் கட்டிவிடுவார்கள். சென்னைத் தெருப் பந்தயத் தடத்தைச் செய்யுங்கள். 2024 ஆகஸ்ட் 31லும் செப்டம்பர் 1லும் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் ஓடிய அதே 3.5 கிலோமீட்டர். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் பொதுச் சாலை. ஞாயிறு விடியலில் நடந்தே படம் எடுக்கலாம். ட்ரோன் ஆசை மட்டும் வேண்டாம். பக்கத்தில் ராணுவ வளாகம் இருக்கிறது. கோவைக்காரர்கள் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயை எடுத்துக்கொள்ளலாம், அது சின்ன டிராக். ஆனால் தனியார் இடம், கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

முழு டிராக்கையும் முடிக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்கள் படைப்பில் நாலு நிமிடம் செலவழித்தால் அதிகம். இரண்டு வளைவும் ஒரு நேர்ச்சாலையும் கச்சிதமாக இருந்தால் போதும். சாலையின் சரிவு சரியா, மழைநீர்க் கால்வாய் மூடி இருக்கும் இடத்தில் கார் குலுங்குகிறதா, மின்விளக்குக் கம்பத்தின் நிழல் இயல்பாக விழுகிறதா, சாதாரணக் கம்ப்யூட்டரிலும் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வலைச்சட்டம் தெரியும் படம் ஒன்று, ஒரு சுற்று ஓட்டிய வீடியோ ஒன்று, எதை வைத்து அளந்தீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பு. போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வேறொரு கேமிலிருந்து டிராக்கை உருவி, பூச்சு மாற்றி, தன்னுடையது என்று போடும் பழக்கம் இந்த வட்டாரத்தில் உண்டு. போர்ட்ஃபோலியோவில் அப்படி ஒன்று இருந்தால் கதவு மூடிக்கொள்ளும். ஸ்டுடியோக்கள் பந்தயத் தடத்தின் பெயருக்கும் உருவத்துக்கும் உரிமையாளரிடம் காசு கொடுத்து உரிமம் வாங்குகின்றன. திருட்டுக் கை தெரிந்தவரை உள்ளே விடுவார்களா?

வேலைக்குச் சேர்ந்த பிறகு உங்களை ஆட்டிவைப்பது காலண்டர். ஐரேசிங்கில் ஆண்டுக்கு நான்கு பருவம், ஒவ்வொன்றும் 12 வாரம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் புதிய டிராக்கும் காரும் இறங்கும். பருவங்களுக்கு நடுவே வரும் 13ஆம் வாரத்தில் உலகமே ஏறி ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும். இத்தகைய நிறுவனத்தில் இருப்பவர் அந்த வாரத்தில் கல்யாணத் தேதி குறிக்காமல் இருப்பது நல்லது.

இனி போட்டிகள். டேடோனா 24 மணி நேரம், செப்ரிங் 12 மணி நேரம், நூர்பர்க்ரிங் 24, பாதர்ஸ்ட் என்று நிஜ உலகப் பந்தயங்களின் நிழலாகவே சிமுலேட்டரிலும் ஆண்டு முழுக்கப் பெரிய போட்டிகள் நடக்கின்றன. தனி லீகுகள் எண்ணிக்கையில் அடங்கா. அங்கே தேவைப்படுவது பந்தய இயக்குநர், மோதலில் தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லும் ஸ்டூவர்ட், நேரலை இயக்குநர், வர்ணனையாளர், சர்வர் பார்ப்பவர்.

கடைசியில் சொன்ன ஆளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2023 ஜனவரியில் லெ மான்ஸ் மெய்நிகர் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபார்முலா 1 சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. சர்வர் தகராறால் பந்தயமே இடையில் நின்று நின்று போயிற்று. அவர் நேரலையிலேயே காட்டமாகத் திட்டித் தீர்த்தார், உலகம் முழுக்க அதுவே செய்தியானது. பல மாத உழைப்பு, விளம்பரதாரர் பணம் எல்லாம் ஒரு சர்வரில் தொங்குகிறது. நெட்வொர்க் படித்துவிட்டு ஐடி நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் ஒரு கண் வைக்கலாம்.

ஸ்டூவர்ட் வேலைக்கு வேறு குணம் வேண்டும். ரீப்ளேயைப் பத்து கோணத்தில் பார்த்து, நண்பன் எதிரி பார்க்காமல், மூன்றே வரியில் காரணத்தோடு தீர்ப்பு எழுத வேண்டும். திட்டு வாங்கிக்கொண்டே தூங்கப் போகத் தெரிய வேண்டும். சின்ன லீக் ஒன்றில் ஒரு பருவம் செய்து பாருங்கள். உங்கள் தீர்ப்புகளின் தொகுப்பே உங்கள் பயோடேட்டா. வர்ணனையில் தமிழுக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கிரிக்கெட்டில் தமிழ் வர்ணனை வந்தபோதும் முதலில் பலர் சிரித்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் இது அலுவலகம்தான் என்பதை 2020 எல்லாருக்கும் கற்றுக் கொடுத்தது. ஊரடங்கில் நிஜ ஓட்டுநர்கள் சிமுலேட்டருக்கு வந்த மாதங்கள் அவை. ஏப்ரலில் நாஸ்கார் ஓட்டுநர் கைல் லார்சன் சிமுலேட்டர் பந்தயத்தின்போது மைக்கில் இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னார். தன் ஆளுக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்துப் பேசியது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. நாஸ்கார் இடைநீக்கம் செய்தது, அணி வேலையை விட்டே அனுப்பியது. மே மாதத்தில் ஃபார்முலா ஈ ஓட்டுநர் டேனியல் அப்ட், ஒரு சிமுலேட்டர் பந்தயத்தில் தனக்குப் பதிலாக ஒரு சிம் ரேசரை உட்கார வைத்து ஓட்டச் சொன்னார். அவருக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். அவரது அணியான ஆடி நிறுவனத்துக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இருக்கை போயிற்று, 10,000 யூரோ அபராதம் வேறு. மைக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கணக்கில் உங்கள் தம்பியை ஓட்ட விடாதீர்கள்.

ஓட்டியே தீருவேன் என்பவருக்கு ஒரு யோசனை. வேகத்தோடு டெலிமெட்ரியையும், அதாவது கார் பதிவு செய்யும் தரவையும், படித்துக்கொள்ளுங்கள். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கேம் தன் தரவை மோட்டெக் மென்பொருளில் திறக்கும்படி தருகிறது. நிஜப் பந்தய அணிகளும் பயன்படுத்தும் கருவி அது. புதிய டிராக் வந்த முதல் வாரத்தில் எந்த வளைவில் எங்கே நேரம் போகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டத் தெரிந்தவருக்குப் பயிற்சியாளராக, செட்டப் தயாரிப்பவராக வேலை இருக்கிறது. மேடை ஏறாவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

பணம் பேசும்போது கூச்சம் வேண்டாம். "அனுபவம் கிடைக்கும், பெயர் வரும்" என்று மட்டும் சொல்லும் லீகில் ஒரு பருவம் இருக்கலாம், இரண்டாவது பருவத்துக்குத் தொகை கேளுங்கள். நீங்கள் செய்த டிராக்கின் உரிமை யாருக்கு, போர்ட்ஃபோலியோவில் எப்போது காட்டலாம், வெளியீட்டுக்கு முன் படம் கசிந்தால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஜெர்மனியில் கோடையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் பந்தயம் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் கோடையில் நமக்கு விடியல் 5.30. இவற்றில் எதை வாரம் முழுக்கத் தாங்க முடியும் என்று வீட்டில் பேசிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வாங்கும்போது ரவுட்டருக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கரண்ட் போன நேரத்தில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பந்தயம் நடத்த முடியாது.