முட்டை பொரியாமல் போவது ஏன்?
உப்பளக் கரையோரக் கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்புப் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். அந்நாட்களில் குடும்பத்திற்குக் கைகொடுப்பவை ஆடும் கோழியும்தான். சிறிய இன்குபேட்டரில் 100 முட்டை வைத்து 50 குஞ்சு கூடக் கிடைக்காவிட்டால், முட்டையின் விலையும் 21 நாள் மின்சாரமும் உழைப்பும் வீணாகும். இறைச்சிக் கோழி முட்டையானாலும் நாட்டுக்கோழி முட்டையானாலும் பொரிப்புக் குறைவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

கணக்கு அவசியம்

வைத்த 100 முட்டையில் 90 கருக்கூடியவை என்றும், அவற்றில் 72 பொரித்தன என்றும் கொள்வோம். வைத்த முட்டைக்குப் பொரிப்பு 72 சதவீதம். கருக்கூடிய முட்டைக்கு 80 சதவீதம். இரண்டையும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். 7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கொளியில் பார்த்தால் கூமுட்டை தெளிவாகத் தெரியும். கூமுட்டை மிகுந்தால் சேவலையும், கரு கூடியும் பொரியாவிட்டால் தீவனம், சேமிப்பு, கருவி ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

தாய்க்கோழி பராமரிப்பு

10 பெட்டைக்கு 1 சேவல் போதுமானது. இறைச்சி இனக் கோழிகள் கொழுத்துவிட்டால் கருக்கூடுவது குறையும். ஆகவே அளவாகத் தீவனமிட வேண்டும். கறிக்கென வாங்கிய பிராய்லர் குஞ்சுகளை வளர்த்துத் தாய்க்கோழியாக்குவதில் பலனில்லை. தாயின் வளர்ச்சிக் குணம் குஞ்சுகளுக்கு ஒரே சீராக வராது. தீவனத்தில் வைட்டமின் பி2 குறைந்தால் கரு பாதியில் இறக்கும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் கூடவே கூடாது.

குடிநீரில் உப்பு

கடலோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலே முட்டை ஓட்டில் குறைகள் பெருகுவதை ஆஸ்திரேலியாவில் 1980களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஓடு மெலிந்தால் முட்டையின் ஈரம் விரைவில் வற்றும், கீறல் விழும், கிருமி புகும். உப்பிட்ட கருவாட்டுக் கழிவைத் தீவனத்தில் மிகுதியாகச் சேர்த்தாலும் கோழியின் உடலில் உப்பு ஏறும். முட்டைக்கோழிகளுக்கு நல்ல தண்ணீரையே வைக்க வேண்டும்.

முட்டைச் சேமிப்பு

கோடையில் அறை வெப்பத்தில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடும். ஈர மணலில் பதித்த மண்பானையில், முட்டை நனையாதபடி, கூர்முனை கீழிருக்குமாறு வைக்கலாம். கோடையில் 3 முதல் 5 நாட்களுக்குள்ளும், மற்றக் காலங்களில் 7 நாட்களுக்குள்ளும் அடை வைத்துவிட வேண்டும். அழுக்கு முட்டையை ஈரத்துணியால் துடைக்கலாகாது. கீறல் விழுந்ததும் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் வேண்டாம்.

கருவியில் ஈரப்பதம்

விசிறியுள்ள கருவியில் வெப்பம் 99.5 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாட்கள் 55 முதல் 60 சதவீதமும், கடைசி 3 நாட்கள் 70 சதவீத அளவிலும் தேவை. 18ஆம் நாள் வரை நாளொன்றுக்கு 5 முறையேனும் முட்டைகளைத் திருப்ப வேண்டும். பின்னர் திருப்பவும் கூடாது, அடிக்கடி திறக்கவும் கூடாது.

கடற்கரையில் மழைக்காலக் காற்றே ஈரமானது. கோடையில் வைத்த அளவிலேயே அப்போதும் தண்ணீர்த் தட்டு வைத்தால் முட்டையின் ஈரம் போதுமான அளவு குறையாது; முழுதாக வளர்ந்த குஞ்சும் ஓட்டை உடைக்க இயலாமல் மடியும். இதை அறிய எளிய வழி எடை பார்ப்பதே. 18 நாளில் எடை சுமார் 12 சதவீதம் குறைய வேண்டும். தொடக்கத்தில் 550 கிராம் இருந்த 10 முட்டைகள் 484 கிராம் அளவுக்கு வர வேண்டும். அதைவிட அதிகம் இருந்தால் அடுத்த முறை தட்டைச் சிறிதாக்க வேண்டும். குறைந்தால் பெரிதாக்க வேண்டும்.

பொரியாத முட்டைகளை எறியுமுன் உடைத்துப் பார்ப்பது நல்லது. இரத்த வளையம் இருந்தால் பெரும்பாலும் சேமிப்பிலோ தொடக்க வெப்பத்திலோ குறை. முழுக் குஞ்சு இறந்திருந்தால் ஈரப்பதம், வெப்பம், திருப்புதல் ஆகியவற்றில் குறை. இக்குறிப்புகளுடன் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுகினால் தக்க ஆலோசனை பெறலாம்.