குழு விளையாட்டும் குறை கூறும் முறையும்



சில மாதங்களுக்கு முன்னர் எனது வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டுப்பாடம் செய்யாது வந்தான். காரணம் வினவினேன். "இரவு விளையாட்டில நாலு பேரும் சேர்ந்து என்னை ஏசினவை, சேர். பிறகு ஒண்டும் செய்ய மனம் வரேல்லை" என்றான். ஒரு விளையாட்டு இத்துணை வாட்டம் தருமா என வியந்து, அதனைப் பற்றி அவனிடமே பாடம் கேட்டேன். அவ்வாறு கற்றதையே இங்கு எழுதுகின்றேன்.

அவன் விளையாடுவது 'லீக் ஒவ் லெஜன்ட்ஸ்'. றயட் கேம்ஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட இணையவழிக் கணனி விளையாட்டு இது. ஐவர் கொண்ட இரு அணிகள் மோதும். களத்தில் மூன்று பாதைகளும் அவற்றினிடையே காடும் உள்ளன. எதிரணித் தளத்திலுள்ள 'நெக்சஸ்' என்னும் மையத்தை அழிக்கும் அணியே வெல்லும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரம் நீடிக்கும். ஒருவர் வீழ்ந்தால் வீழ்த்தியவருக்குப் பொன் சேரும். அவர் அப்பொன்னால் படைக்கலம் வாங்கி மேலும் வலிமை பெறுவார். எனவே ஒருவரது தவறு ஐவரையும் தாக்கும். சினம் பிறக்கும் இடம் இதுவே.

இன்னுமொரு காரணமும் உண்டு. அணியினர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர்கள். இவ்விளையாட்டில் தரவரிசை ஆட்டம், சாதாரண ஆட்டம் என வகைகள் உண்டு. தரவரிசை ஆட்டத்தில் வெற்றி தோல்வி ஒருவரின் நிலையை உயர்த்தும் அல்லது தாழ்த்தும். சாதாரண ஆட்டத்திற்கோ ஒருவர் வெல்ல வருவார். ஒருவர் பொழுதுபோக்க வருவார். ஒருவர் பழக வருவார். என் மாணவன் அன்று சாதாரண ஆட்டத்திற் புதிய பாத்திரமொன்றைப் பழகிக்கொண்டிருந்தான். நால்வரும் அவன் முயலவில்லை என்றே கொண்டனர். முயலாமை வேறு, இயலாமை வேறு, பழகுதல் வேறு. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும்.

இதனைக் கேட்டபோது என் மனம் உறுத்தியது. ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில், மாணவனொருவனின் கட்டுரைக் கொப்பியிற் சிவப்பு மையால் "முயற்சி போதாது" என எழுதி, அதை வகுப்பில் உரத்தும் வாசித்தேன். அவன் இடம்பெயர்ந்து வந்தவன். ஒரே அறையில் அறுவருடன் வாழ்ந்து, மற்றையோர் உறங்கிய பின்னரே எழுதினான் என்பதை அவனது தாயார் வந்து சொல்லியே அறிந்தேன். அதன்பின் அவன் எனக்குக் கட்டுரை எழுதித் தந்ததில்லை. பின்னர் யுத்தம் எங்களைத் திசைக்கொருவராக்கிற்று. மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவேயில்லை.

ஆகவே, குறை கூறுமுன் நான்கு விடயங்களை மனங்கொள்க.

1. நோக்கத்தை அறிக. ஆட்டம் தொடங்குமுன்னரே "இன்று பழகுகிறேன்" என்று ஒரு வரி எழுதுவதும், எழுதச் சொல்லிக் கேட்பதும் பாதிச் சினத்தைத் தவிர்க்கும்.

2. காலம் அறிக. திருக்குறளில் 'காலமறிதல்' 49ஆவது அதிகாரமாக உள்ளது. போரின் நடுவே அறிவுரை பயன்படாது. அங்கு அபாயம், உதவி வருகிறது என்பனவற்றைக் காட்டும் சைகைகளே போதும்.

3. செயலைச் சுட்டுக, ஆளைச் சுடாதீர். "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்பதால் எவரும் திருந்துவதில்லை. "எதிரிகள் இருவர் கண்ணிற் படவில்லை, நான் வரும்வரை கோபுரத்தடியில் நில்" என்பது உடனே பயன்தரும்.

4. நல்லதையும் கூறுக. ஆட்டம் முடிந்ததும் சக வீரரைப் பாராட்டும் முறை இவ்விளையாட்டிலேயே 2012ஆம் ஆண்டு முதல் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் ஆகுக.

கேட்பவருக்கும் கடமை உண்டு. தரவரிசை ஆட்டத்தில் இறங்கியவர் இயன்றவரை முயலவேண்டும். வேண்டுமென்றே வீழ்வதும் இடைநடுவில் வெளியேறுவதும் மற்றைய நால்வருக்கும் இழைக்கும் அநீதியாகும். சொல் கசந்தாலும் பொருள் மெய்யாயின் ஏற்றுக்கொள்க. வெறும் வசையாயின் அவரது எழுத்தும் குரலும் வராது தடுக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்துவது கோழைத்தனமன்று.

அண்மையில் அம்மாணவன் கூறினான்: "புதிசா வந்த ஒருத்தன் திரும்பத் திரும்பச் செத்தான், சேர். நான் ஏசேல்லை. கோபுரத்தடியில நில் எண்டு எழுதினன். தோத்துத்தான் போனம். ஆனா அவன் கடைசிவரைக்கும் விட்டிட்டுப் போகேல்லை." நானும் இப்பொழுது கொப்பி திருத்தும்போது "முயற்சி போதாது" என எழுதுவதில்லை. "இதனை எழுத எவ்வளவு நேரம் கிடைத்தது?" என்றே முதலிற் கேட்கின்றேன்.

பயிற்சி

1. முயலாமை, இயலாமை, பழகுதல் ஆகியவற்றின் வேறுபாட்டை உமது அனுபவத்தினின்று விளக்குக.

2. நீர் அண்மையிற் கூறிய கடுஞ்சொல் ஒன்றை, செயலை மட்டும் சுட்டும் வாக்கியமாக மாற்றி எழுதுக.