மாவில் ஒரு பெயர்

கேள்வி: கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடவும் பரிசுப் பொட்டலங்களில் கட்டவும், பெயர் பொறித்த வில்லைகளை வீட்டிலேயே செய்யலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக. 2 கிண்ணம் மைதா, 1 கிண்ணம் தூள் உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பூரி மாவு போலக் கெட்டியாகப் பிசையுங்கள். கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் விளிம்பால் வெட்டலாம். நூல் கோக்கும் துளையை ஈரத்திலேயே ஸ்ட்ராவால் போட்டுவிடுங்கள். காய்ந்தபின் குத்தினால் விரிசல்தான். பெயரைப் பல்குத்தும் குச்சியால் கீறலாம். மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஒரு குத்து போதும், நம் எழுத்துக்கு இது வசதி! டிசம்பர் வெயிலை நம்பாதீர்கள். அவனில் 120 டிகிரியில் 2 மணி நேரமாவது வையுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். ஆறியதும் இருபுறமும் வார்னிஷ் பூசாவிட்டால் நமத்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் உயரமான கிளையில் கட்டுங்கள். அவ்வளவு உப்பு அதற்கு விஷம்.